கறை போனது, கைப்பிடியும் போனது

கடையை இப்போது எடுத்து நடத்தும் உங்கள் எல்லோருக்கும்,

போன வாரம் நீங்கள் வீட்டுக்கு வந்து, என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. இருபத்தெட்டு வருஷம் பட்டுப்புடவையில் சாம்பார்க் கறையும் குங்குமக் கறையும் எடுத்தவளை யாரும் இதுவரை எழுதச் சொன்னதில்லை. அன்றைக்கே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால், அதில் ஒரு பெரிய அறிவாளி இருந்தாள். எந்தத் துணியைப் பார்த்தாலும் அவளுக்கு உடனே தெரிகிறது. தப்பே செய்வதில்லை. அவள் யாரென்று எனக்கே தெரியவில்லை. கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஆகவே இப்போது நான் சொதப்பிய கதை ஒன்றை எழுதுகிறேன். எந்தக் கறைக்கு எதைப் போடுவது என்பதெல்லாம் கடைச்சுவரில் ஒட்டிய அட்டையில் இருக்கிறது. அட்டையில் இல்லாததுதான் இது.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயில் சமயம். அப்போது உத்திரமேரூரில் என் பெயர் யசோதா என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கறைக்காரம்மா என்றால் போதும், வீட்டைக் காட்டிவிடுவார்கள். அந்தப் பெயரில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அதிலும் வேர்வைக் கறை என்றால் நான்தான். ஜாக்கெட்டின் அக்குளில் மஞ்சளாய்ப் படிந்து போனதை எடுத்துக் கொடுத்து, கல்யாண வீட்டுப் பெண்களிடம் வாங்கிய பாராட்டு என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கன்னியம்மா வந்தாள். மாகறல் ஓரத்தில் இருளர் குடியிருப்பில் அவள் வீடு. அம்மா களையெடுக்கப் போகிறவர். இவள் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தவள். படிக்கும்போது வெள்ளைக் கோட்டில் பட்ட கறையை எடுக்க என்னிடம் வருவாள், அப்படிப் பழக்கம். அன்றைக்கு ஒரு துண்டில் சுற்றி ஒரு கைப்பையைக் கொண்டுவந்தாள். துண்டைப் பிரித்தால் சந்தன நிறத்தில் அழகான பை. கைப்பிடிகள் இரண்டும் மட்டும் நடுவில் கறுத்துப் போயிருந்தன.

"யக்கா, இது என்னுது இல்ல. எங்க டீச்சருது. இன்டர்வியூவுக்குப் போறவ பிளாஸ்டிக் கவர்ல சர்டிபிகேட்ட எடுத்துக்கினு போவாதன்னு அவங்களே கூப்ட்டுக் குடுத்தாங்க."

"இப்டி கறுத்துப்போற அளவுக்கு இன்னா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல யக்கா. பஸ்ஸுல நின்னுக்கினே போனேன். கீழ வெச்சா அழுக்காயிடும்னு கெட்டியா புடிச்சிக்கினேன். அங்க போயி ரெண்டு மணி நேரம் குந்த வெச்சிட்டாங்க. பயத்துல கை வேர்த்துக்கினே இருந்துச்சு."

அழுக்காகக் கூடாது என்று பிடித்த பிடியில்தான் அழுக்காகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். அவள் அம்மா இரண்டு நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லையாம். "நம்ம ஜனங்க கைக்கு ஒரு சாமான் வந்தா, வந்த மாதிரியே திரும்பிப் போவணும். இல்லன்னா அடுத்து ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

நான் பையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன் என்றுதான் எழுதுகிறேன், பார்க்கவில்லை. பார்ப்பது போல் வைத்துக்கொண்டு, என் பெருமையை ஒரு தரம் ருசி பார்த்தேன். அவ்வளவுதான்.

"வேர்வக் கறையா? அத என்னாண்ட சொல்றியா? போ, உங்கம்மாவ சோறு துன்னச் சொல்லு."

அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவுக்கு நான் பொறுப்பு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவள் போனதும் வேலையை ஆரம்பித்தேன். வேர்வை எங்கே பட்டாலும் வேர்வைதானே என்பது என் கணக்கு. ஜாக்கெட்டுக்குச் செய்வதையே செய்தேன். ஆப்பசோடாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். கறுப்பு கொஞ்சம் வெளிறியது. பாக்கி அசையவில்லை. இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். கறை பாதியாவது போயிருந்தது. ஆனால் பாதிக் கறையோடு திருப்பிக் கொடுத்தால் நான் எப்படிக் கறைக்காரம்மா? பட்டில் எண்ணெய் பட்டால் எடுக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, கைப்பிடியில் வைத்து அழுத்தி இழுத்தேன்.

கறை போனது. கறை இருந்த மேல்பூச்சும் போனது. சூடான பாலில் ஆடை சுருண்டு வருவதுபோல் பஞ்சோடு சுருண்டு வந்தது. அடியில் சாக்குத்துணி மாதிரி ஒன்று பல்லைக் காட்டியது.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. முதலில் சுருண்ட பூச்சை விரலால் நீவி மறுபடி ஒட்டப் பார்த்தேன். அது விரலில் ஒட்டியது. பிறகு, காய்ந்தால் சரியாகிவிடும் என்று மாடியில் வெயிலில் வைத்தேன். கத்திரி வெயில். அரைமணியில் எடுத்துப் பார்த்தால் இரண்டாவது கைப்பிடியும் வெடித்திருந்தது. அதில் நான் ஸ்பிரிட்டே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வருகிற நாளில் நான் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும். என் மகன் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் அவன் கேன்வாஸ் ஷூவுக்குப் போட்ட வெள்ளை பாலிஷ் ஒரு புட்டி மிச்சம் இருந்தது. அதில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கலந்தால் சந்தன நிறம் வரும் அல்லவா? வந்தது. பூசினேன். காய்ந்ததும் என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாது, கைப்பிடிக்கு சந்தனக் காப்பா?"

"ஒரு கஸ்டமர் வேல. நீ போ."

"தொட்டுக் கும்ட்டுக்கலாமா?" என்று தொட்டார். அவர் விரல் நுனி மஞ்சளானது. கைப்பிடியில் அவர் விரல் அடையாளம் விழுந்தது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கன்னியம்மா போன் செய்தாள். "ஆயிடுச்சா யக்கா?"

"ஆயிக்கினு கீது" என்றேன்.

எது ஆகிக்கொண்டிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் எல்லாம் இந்தத் தொழிலில் எத்தனையோ துணியைப் பாழாக்கத்தான் போகிறீர்கள். பாழாக்காமல் யாரும் கற்றதில்லை. ஆனால் ஸ்பிரிட் வைத்தது என் தப்பு என்றால், போனில் நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தை அதைவிடப் பெரிய தப்பு. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு யோசிக்க ஒரு முழு நாள் கிடைத்திருக்கும். அவளுடைய அந்த ஒரு நாளை என் பெருமைக்காக நான் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே செருப்பு தைக்கிறவர் ஒருவர் இருந்தார். பேர் கேட்டதில்லை. அதிகம் பேசாதவர். பையை வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு திறந்து, உள்பக்கம் மடிப்பு ஓரத்தை நகத்தால் கீறினார்.

"இத இன்னான்னு நெனச்சி வேல பண்ணே?"

"தோலுன்னு. பாத்தா அப்டித்தான கீது."

"தோலு இல்லம்மா. ரெக்சினு. துணி மேல பூச்சு. ஸ்பிரிட்டு பட்டா உரிஞ்சிக்கினு வந்துடும், வெயிலு பட்டா வெடிக்கும். சவுக்காரத் தண்ணில துணிய நனச்சி, புழிஞ்சி, தொடச்சி, நெழல்ல வெச்சிருந்தியானா முக்காவாசி போயிருக்கும்."

இத்தனை வருஷத் தொழிலில் புடவை எதுவானாலும் முந்தானையின் உள்பக்கத்தில் ஒரு நூலைத் தொட்டுப் பார்க்காமல் நான் வேலையைத் தொட்டதில்லை. பை என்றதும் அதை மறந்தேன். அவர் அரை நிமிஷத்தில் நகத்தால் செய்ததை நான் செய்யவில்லை.

"இதே கலர்ல கைப்பிடி போட்டுக் குடு. மாத்தினதே தெரியக் கூடாது" என்றேன்.

அவர் தன் பெட்டியைத் துழாவிவிட்டு நிமிர்ந்தார். "இதே கலரு கெடைக்காது. கிட்டத்துல ஒண்ணு கீது, ஆனா போட மாட்டேன். அரகொறையா ஒளிச்சி வெச்சா பாக்கறவங்க தேடிக்கினே இருப்பாங்க. இந்தக் காப்பிக் கலரப் போடறேன். பாத்ததும் கேப்பாங்க. கேட்டா நீ சொல்லிடலாம்."

எனக்கு அழுகை வந்தது. அவர் கவனிக்காத மாதிரி ஊசியில் நூல் கோத்தார். சந்தன நிறப் பைக்குக் காப்பி நிறக் கைப்பிடி. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேறு பை.

திரும்பி வரும் வழியில் என் மனம் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது. இது தோலே இல்லையே, அப்படியானால் தப்பு என்னுடையது எப்படி? போலியைக் கொடுத்துவிட்டு, உரிந்துபோச்சு என்றால் நான் என்ன செய்வேன்? இந்த வாதம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. வீடு வருவதற்குள் அதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னியம்மா வந்தாள். பையை அவள் முன்னால் வைத்தேன். அவள் கைப்பிடியைத் தொடவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன். பாலிஷ், மஞ்சள் தூள் உட்பட. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எங்கம்மாவுக்குத் தெரியவேணாம் யக்கா" என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

"நான் கூட வரேன். நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத."

டீச்சர் மாகறல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு பழையசீவரத்தில். இரண்டு பஸ் மாறிப் போனோம். வழி முழுக்க என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டே போனேன். வணக்கம் டீச்சர் என்று ஆரம்பித்து, இதில் கன்னியம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை என்று முடிகிற பேச்சு. நடுவில் ரெக்சின் விஷயமும் நாசூக்காய் வருகிற மாதிரி வைத்திருந்தேன்.

டீச்சர் கதவைத் திறந்ததும் சிரித்தார். "வா கன்னியம்மா. வேலை என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே பையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

"இது என்ன?"

நான் பேச வேண்டிய இடம் அது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? படிக்குக் கீழே குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ரப்பர் செருப்பு. காலை உதறினால் கழன்றுவிடும். வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான் அதைக் கழற்ற எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"டீச்சர், என் கை வேர்வ பட்டு கறையாயிடுச்சு. அத எடுக்கப் போயி…" என்று கன்னியம்மா ஆரம்பித்தாள்.

டீச்சர் முடிக்க விடவில்லை. "ஒரு தடவை கொடுத்தேன். ஒரே ஒரு தடவை. உங்களுக்கெல்லாம் ஒரு பொருளைக் கொடுத்தா இப்படித்தான் திரும்பி வரும்னு எங்க வீட்ல அப்பவே சொன்னாங்க. நான்தான் கேக்கல."

செருப்பு கழன்றது. நிமிர்ந்தேன். பஸ்ஸில் எழுதிய பேச்சில் ஒரு வரிகூட நினைவில்லை.

"நான்தான் டீச்சர். அவ கறையோடதான் குடுத்தா. உரிச்சி நாசம் பண்ணது நான். கறை எடுக்கறதுதான் என் தொழிலு. தெரியாத சாமான்ல தெரிஞ்ச மாதிரி கைய வெச்சிட்டேன். கைப்பிடி மாத்தினதும் நான்தான்."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் புடவையையும் பார்த்திருப்பார். இஸ்திரி போட்ட நல்ல புடவை. முகம் இளகியது.

"நீங்களா? சரி, விடுங்கம்மா. பரவாயில்ல. கைத்தவறு யாருக்கும் வர்றதுதான். வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

எனக்கு வந்த நிம்மதியில் ஒரு காலைத் தூக்கி வாசற்படிக்குள் வைத்துவிட்டேன். அந்த ஒரு காலை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. வைத்த பிறகுதான் பார்த்தேன், கன்னியம்மா வெளியிலேயே நிற்கிறாள்.

"டீச்சர்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "பாழானது ஒரே பையிதான். நான் சொன்னப்ப உங்களுக்கெல்லாம்னு சொன்னீங்க. யக்கா சொன்னப்ப பரவாயில்லன்னு சொல்றீங்க."

நான் வைத்த காலை எடுப்பதா, அடுத்த காலையும் வைப்பதா என்று தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்திருந்தார். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. கூப்பிட்டுப் பையைக் கொடுத்தவரும் அவர்தான். அதனால்தான் அவருக்கு அது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

"நான் அப்படிச் சொன்னது தப்பு" என்றார். "எட்டாவதுல உனக்கு நான்தான் பாடம் எடுத்தேன். அந்த வார்த்தை என் வாயிலேர்ந்து வந்திருக்கக் கூடாது. உள்ள வா கன்னியம்மா."

அவள் உடனே வரவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வந்தாள். அவள் உட்கார்ந்த பிறகு நான் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

தண்ணீர் வந்தது. அப்புறம் டீ வந்தது. டீச்சர் பையை மடியில் வைத்துக்கொண்டு, "பையன் வெளிநாட்டிலேர்ந்து வாங்கிட்டு வந்தான். அசல் தோல்னு சொன்னான். வீணாயிடுமோன்னு நான் ஒரு தடவைகூட எடுத்துட்டுப் போனதில்ல" என்றார்.

முந்தின நாளிலிருந்து பழகி வைத்திருந்த வாதம் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. கன்னியம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது ரெக்சின் என்று தெரியும், நான்தானே சொன்னேன். டீயோடு சேர்த்து அதை விழுங்கினேன். எனக்குச் சாதகமான உண்மைதான். அதைச் சொன்னால் அந்த அம்மாளுக்கு மகன் தந்த பொருளும் போய்விடும். என் தப்பு அதனால் ஒரு துளியும் குறையாது. கஸ்டமரின் பொருளைப் பற்றி நமக்குத் தெரியவருகிற எல்லாவற்றையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வேலையைத் தொடும் முன் தெரிந்தால் சொல்லுங்கள். கெடுத்த பிறகு தெரிந்தால், உங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டும் சொல்லாதீர்கள். அந்த அம்மாள் இப்போது மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது என்று கன்னியம்மா சொன்னாள். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் லேப். முந்தின நாள்தான் போன் வந்ததாம். எனக்கே அப்போதுதான் தெரியும். காலையில் அதைச் சொல்லத்தான் ஆசையாய் வந்திருப்பாள், நான் கைப்பிடியைக் காட்டிவிட்டேன்.

டீச்சர் எழுந்து பையை அவளிடம் நீட்டினார். "இதை நீயே வெச்சிக்கோ. வேலைக்கு எடுத்துட்டுப் போ."

"வேணாம் டீச்சர். சம்பளம் வந்ததும் வாங்கிக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். டீச்சர் வற்புறுத்தவில்லை.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நின்றோம். நிழல் இல்லை. நான் பேசாமல் இருக்கத் தெரியாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எதை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமே போன் செய்து சொல்லியிருந்தால், அல்லது ஒரு செருப்பைச் சீக்கிரம் கழற்றியிருந்தால், அந்த 'உங்களுக்கெல்லாம்' என்பதை அவள் காது கேட்டிருக்காது. நான் பாழாக்கிய பொருளுக்கு என்மேல் விழ வேண்டிய பேச்சு, என்மேல் விழுந்திருந்தால் வெறும் கைத்தவறு. அவள் மேல் விழுந்ததும் அது அவள் குடியிருப்பு முழுவதற்குமான பேச்சாகிவிட்டது. நம்மிடம் வேலை கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பவர்கள் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அந்த வயது வரைக்கும் ஆகியிருக்கிறது.

கடைசியில் கேட்டே விட்டேன். "கன்னியம்மா, நீ அந்தப் பேச்சு வாங்கினது என்னாலதான?"

பரவாயில்லை யக்கா என்று சொல்வாள் என்று நினைத்தேன். அதைக் கேட்கத்தான் கேட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா யக்கா. ஒன்னாலதான்" என்றாள்.

பஸ் வந்தது. கூட்டம். அவள் எனக்கு முன்னால் ஏறிவிட்டாள். முட்டி வலியோடு நான் மெதுவாக ஏறி உள்ளே போனால், ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தன் துப்பட்டாவைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.